சொட்டு எண்ணெய்

லாரியில் டீசல் பில்டரைத் தேட வேண்டியதில்லை. எஞ்சினுக்குப் பக்கவாட்டில் இரண்டு சொம்புகளை மாட்டிவைத்தது போல வெளியே தெரியும். கிளீனராக ஏறிய முதல் மாதத்திலேயே அதைக் கழற்றவும், உள்ளே இருக்கும் காகித உருளையை மாற்றவும், குழாயில் புகுந்த காற்றை எடுக்கவும் பழகிவிட்டேன். காற்று இருந்தால் டீசல் வராது. டீசல் வராவிட்டால் வண்டி இழுக்காது. அவ்வளவுதான் அதில் உள்ள வித்தை.

லாரியில் இன்னும் இரண்டு பழக்கங்கள் என்னிடம் ஒட்டிக்கொண்டன. ஒன்று, பேச்சு. எங்கள் வண்டியில் டீசலுக்கு எண்ணெய் என்று பேர். எஞ்சினுக்குள் ஊற்றுகிற கெட்டியானதற்கு ஆயில் என்று பேர். இரண்டையும் மாற்றிச் சொன்னால் டிரைவர் தலையில் குட்டுவார். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு அதற்கப்புறம் யாராவது அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம் அது ஒன்றுதான். அதனால் மறக்கவே இல்லை.

இரண்டாவது, பாட்டில். பெட்ரோல் பங்கில் எண்ணெய் போட்டு முடித்துக் குழாயை வெளியே எடுக்கும்போது அதன் மூக்கில் கொஞ்சம் தொங்கும். விட்டால் தரையில் விழும். கிளீனர் ஒரு பாட்டிலை அடியில் பிடிப்பான். ஒரு தடவைக்கு மூடி அளவு தேறும். கிரீஸ் பட்ட கையையும் ஸ்பேனரையும் கழுவ அது ஆகும். சொட்டு எண்ணெய் என்போம். அதை யாரும் திருட்டு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

லாரியை விட்ட பிறகு நிறைய இடம் பார்த்தாயிற்று. திருப்பூரில் சாயப்பட்டறை, போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கர், அங்கிருந்து சண்டை போட்டுக்கொண்டு வந்து ஓசூரில் செங்கல் சூளை. ஓரிடத்தில் இரண்டு வருடம் இருந்தால் எனக்கு உடம்பு அரிக்கத் தொடங்கிவிடும். நாற்பதைத் தாண்டிய பிறகு மதுரைக்குத் திரும்பி, பழங்காநத்தத்தில் ஒரு சமையல் காண்ட்ராக்டரிடம் டிரைவராகச் சேர்ந்தேன். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஆள் வைத்துச் சமைத்துக் கொடுப்பவர். அவரிடம் பழைய டீசல் கார் ஒன்று இருந்தது. கடைசி சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மூட்டைகளைப் போடுவோம். காலையில் பரவை மார்க்கெட்டுக்குப் போய் காய்கறி ஏற்றி வருவதுதான் முக்கியமான வேலை. வீட்டுக்குப் பின்னால் அண்டா குண்டாக்கள் அடுக்கிய தகரக் கொட்டகையில் ஒரு மூலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். மழைக்கு நனையாது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

எனக்கு முன்னால் இருந்த டிரைவர் டீசல் திருடியதால் விரட்டப்பட்டவர் என்று சேர்ந்த அன்றே சொன்னார்கள். டேங்க் வாயில் முதலாளி ஒரு கம்பி வலையைப் பற்றவைத்திருந்தார். ட்யூப் விட்டு உறிஞ்ச முடியாதபடி. அதைக் காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

எட்டு மாதம் ஓடியது. கடைசி இரண்டு மாதமாக வண்டி சரியாக இழுக்கவில்லை. மூன்றாம் கியர் போட வேண்டிய இடத்தில் இரண்டில் முக்கிக்கொண்டு வந்தது. டீசல் காட்டும் முள்ளும் சீக்கிரம் சீக்கிரமாக இறங்கியது. உள்ளே வெங்காயமும் கொத்தமல்லியும் எந்நேரமும் மணந்துகொண்டிருந்ததால் வேறு வாடை எதுவும் என் மூக்குக்கு எட்டவில்லை.

முதலில் கவனித்தது முதலாளியின் மனைவி. ஒருநாள் காலை துடைப்பத்தோடு நின்று, "ஏப்பா, போர்ட்டிகோவுல ஆயிலா ஒழுகிக் கெடக்கு. கோலம் போட முடியல. என்னன்னு பாரேன்" என்றார்.

ஆயில் என்றார். நான் பானட்டைத் திறந்து ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.

"ஆயில் நிறைக்க இருக்குக்கா. பழைய வண்டி, லேசா கசியத்தான் செய்யும்."

கறை பட்ட இடத்தில் ஒரு சாக்கை விரித்துவிட்டுப் போனேன். எண்ணெய் ஒழுகுது என்று அவர் சொல்லியிருந்தால் படுத்து அடியில் பார்த்திருப்பேன். ஆனால் சமையல்காரர் வீட்டில் எண்ணெய் என்றால் அது வாணலியில் இருப்பது. வண்டியில் இருப்பதெல்லாம் அவருக்கு ஆயில்.

பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை முதலாளி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"திங்கக்கிழமை ரொப்புனது. முள்ளு கீழ கெடக்கு. பரவைக்குப் போயிட்டு வர இம்புட்டுக் குடிக்குமா?"

"வண்டி இழுக்க மாட்டேங்குதுண்ணே. அதான் அதிகமாக் குடிக்குது."

"வண்டி இழுக்கல. டீசலை யாரோ இழுக்குறாங்க."

அவர் கோபப்படவில்லை. அடுத்த நாள் சாப்பாட்டுக்கு என்ன காய் என்று சொல்வது போலச் சொன்னார்: "நாளைக்கு அழகர்கோயிலுக்குப் போவோம். கருப்பன் கதவு முன்னாடி நின்னு எடுக்கலைன்னு சொல்லிரு. நான் நம்பிக்கிறேன். அவனையும் கூப்பிட்டேன், முன்னாடி இருந்தவனை. வரமாட்டேன்னுட்டான். அதுலயே தெரிஞ்சு போச்சு."

பதினெட்டாம்படிக் கருப்பன் சன்னிதியில் கதவு சாத்தியே இருக்கும். கதவுதான் சாமி. அதற்கு முன்னால் நின்று பொய் சொன்னவன் குடும்பம் விளங்காது என்று எங்கள் பக்கம் இன்னும் பயப்படுகிறார்கள். எனக்குக் குடும்பம் இல்லை. இருந்தாலும் அந்தக் கதவு முன்னால் சும்மா வாய் திறக்க என்னாலும் முடியாது. என் அப்பா ஒருமுறை அங்கே சத்தியம் செய்திருக்கிறார். அறுத்த நெல்லில் ஒரு மூட்டை குறைகிறது என்று நிலத்துக்காரர் கூட்டிப்போனார். எங்கள் குடிசையில் ஒரு மூட்டையை மறைத்துவைக்க இடம்கூட இருந்ததில்லை. அப்பா சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். நிலத்துக்காரர் நம்புகிறேன் என்று சொன்னார். அடுத்த அறுப்புக்கு அப்பாவைக் கூப்பிடவில்லை.

போகாவிட்டால் திருடன். அந்தப் பேரோடு பழங்காநத்தத்தில் மட்டுமல்ல, மதுரையில் எந்த வண்டிச் சாவியும் என் கைக்கு வராது. போனால் என்ன சொல்வது என்பதுதான் பிரச்சினை. டேங்கிலிருந்து நான் எடுத்ததில்லை. ஆனால் டிரைவர் சீட்டுக்கு அடியில் பாட்டில் இருந்தது. எட்டு மாதச் சொட்டு எண்ணெய், முக்கால் பாட்டில்.

திருடனா இல்லையா என்று விசாரிக்கப் போகிற வண்டியை நானேதான் ஓட்டினேன். வேறு யார் ஓட்டுவது? முதலாளி எனக்குப் பக்கத்தில். மனைவி பின்னால், மடியில் பூமாலையும் எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு. தல்லாகுளம் தாண்டியதும் கேட்டேன்.

"அங்க என்ன சொல்லணும்ணே?"

"இந்த வண்டி டீசல்ல ஒரு சொட்டு எடுக்கலைன்னு சொல்லு. அம்புட்டுதான்."

"டீசல வித்ததில்லைன்னு சொல்றேண்ணே."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "ஏன், எடுத்துக் குடிச்சியா?"

பின்னாலிருந்து மனைவி சிரித்தார். "குடிச்சிருந்தா கொஞ்சமாச்சும் ஒடம்பு வச்சிருக்கும். ஆளப் பாருங்க, மாலை போட்டா வழுக்கிக் கீழ விழுந்துரும்."

"நீ சும்மா இரு. தம்பி, நான் சொன்ன மாதிரியே சொல்லணும். ஒரு சொட்டு கூட."

கடச்சனேந்தல் வரைக்கும் அந்த ஒரு சொட்டை வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டே வந்தேன். குழாய் மூக்கில் தொங்குவது யாருடையது? மீட்டர் ஓடிவிட்டது, ஆகவே முதலாளியுடையது. டேங்குக்குள் போகவில்லை, ஆகவே வண்டியுடையது இல்லை. தரைக்குப் போக வேண்டியது. கருப்பனிடம் இதையெல்லாம் விளக்க முடியுமா என்று தெரியவில்லை. அவருக்கு லாரிப் பழக்கம் தெரிந்திருக்கலாம். அந்தக் கதவு முன்னால் சூடம் கொளுத்தாமல் எங்கள் லாரி அந்தப் பக்கம் போனதில்லை.

அப்பன் திருப்பதிக்கு முன்னால், ஒரு பக்கம் பிளாட் போட்டு மஞ்சள் கல் நட்ட பொட்டல், மறுபக்கம் சீமைக்கருவேலம். அங்கே வண்டி இருமியது. இரண்டு முறை குலுக்கியது. அப்புறம் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் மோட்டார் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை.

முதலாளி மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "திருமங்கலத்துல ஒரு வேலையில இருக்கானாம். மத்தியானத்துக்கு மேல வாரானாம்" என்று போனைப் பையில் போட்டுவிட்டு, "நீதான் லாரியில இருந்தவனாச்சே. பாரு" என்றார்.

எண்ணெய் வரவில்லை என்பது சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. பில்டர் அடைத்திருக்க வேண்டும். பானட்டைத் திறந்து எஞ்சினின் பக்கவாட்டில் பார்த்தேன். இல்லை. மறுபக்கம் பார்த்தேன். அங்கேயும் இல்லை. டேங்கிலிருந்து வரும் குழாயைப் பிடித்துக்கொண்டே போனால் பில்டரில் கொண்டுபோய் விடும் என்று அடியில் படுத்தேன். முள்ளும் ஆட்டுப் புழுக்கையும் முதுகில் குத்தின. குழாய் எஞ்சின் வரைக்கும் வந்து, பின்புறமாக மேலே ஏறி, கண்ணுக்குத் தெரியாமல் போனது.

என் தலைக்கு மேல் முதலாளியின் செருப்பு தெரிந்தது.

"எட்டு மாசமா ஓட்டுற. பில்டரு எங்க இருக்குன்னு தெரியாதா?"

"லாரியில வெளியில இருக்கும்ணே."

"இது லாரியா?"

தினமும் கண்ணாடி துடைத்தேன், டயருக்குக் காற்று பார்த்தேன், ஆயில் பார்த்தேன். எண்ணெய் எந்த வழியாக எஞ்சினுக்குப் போகிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை. ஓடுகிறவரைக்கும் எதையும் திறந்து பார்க்காமல் போவதே என் வழக்கம். வண்டியானாலும் ஊரானாலும்.

அப்போது கீழே இறங்கி நின்றிருந்த முதலாளியின் மனைவி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "இந்தா, இதத்தான் அன்னைக்குச் சொன்னேன். அதே ஆயிலு."

முன்சக்கரத்துக்குப் பின்னால் தார்ச்சாலையில் ரூபாய் அளவுக்கு ஈர வட்டம். பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன்.

"அக்கா, இது ஆயில் இல்ல. எண்ணெய்."

"எல்லாம் ஒண்ணுதானப்பா."

"ஒண்ணு இல்லக்கா."

சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே கையை விட்டேன். எஞ்சினுக்குப் பின்னால், பேட்டரிக்கும் தடுப்புத் தகரத்துக்கும் நடுவில் ஒரு துணிமூட்டை தட்டுப்பட்டது. மேலேயிருந்து பார்த்தால் யாரோ துடைத்துவிட்டுச் செருகிய கந்தல் என்றுதான் நினைக்கத் தோன்றும். பிழிந்தால் கையெல்லாம் டீசல் வழிந்தது. கம்பியால் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். கம்பியை அறுத்துத் துணியைப் பிரித்தால் உள்ளே பில்டர் இருந்தது.

"துணிய யாரு கட்டுனது?" என்றார் முதலாளி.

நான் கட்டவில்லை. கட்டியிருந்தால் தேடியிருக்க மாட்டேன். அது அவருக்கும் புரிந்திருக்கும். ஆனால் பேசியது மனைவிதான். "முன்னாடி இருந்த தம்பிதாங்க. பில்டர் மாத்தணும், மாத்தணும்னு வருசம் பூரா சொல்லிக்கிட்டே இருந்துச்சு. முகூர்த்தம் முடியட்டும், ஆடி முடியட்டும்னு நீங்கதான் தள்ளுனீங்க. அதான் துணியச் சுத்தி வச்சுருக்கு."

முதலாளி கருவேல மரங்களைப் பார்த்தார். ஒரு மினி பஸ் ஹாரனை அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது. திருடன் என்று விரட்டப்பட்ட ஒரு மனிதன் கருப்பன் கதவுக்கு ஏன் வரமாட்டேன் என்றான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பயத்தில் இல்லை. ரோசத்தில். எனக்கு அந்த ரோசம் கூட வரவில்லை. நான் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

கடச்சனேந்தலுக்குத் திரும்பி நடந்து, டிராக்டர் சாமான் விற்கும் கடையில் பில்டர் கேட்டேன். டீசல் பில்டர் என்று இரண்டு தடவை சொன்னேன். வண்டியின் பேரைக் கேட்டுவிட்டு, உருளையையும் அதோடு வரும் ரப்பர் வளையத்தையும் எடுத்துக் கொடுத்தார்கள். ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தபோது முதலாளி மனைவி மாலையின் மேல் முந்தானையைப் போட்டு மூடிவைத்திருந்தார். வெயில் ஏறிவிட்டது.

பில்டரின் நடுப்போல்ட்டைக் கழற்றி, உருளை உட்காரும் கிண்ணத்தை இறக்கினேன். உள்ளே இருந்தது டீசல் என்று சொல்ல முடியாது. கறுப்புச் சகதி, அடியில் தண்ணீர். பழைய உருளை கையில் எடுத்ததுமே பொடிந்தது. ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. அந்த வெடிப்பு வழியாகத்தான் எஞ்சின் ஓடும்போதெல்லாம் எண்ணெய் ஒழுகியிருக்கிறது. முதலாளியிடம் வளையத்தைக் காட்டினேன்.

"இந்தா பாருங்கண்ணே. உங்க டீசல் போன வழி."

வாங்கிப் பார்த்தார். வளைத்துப் பார்த்தார், ஒடிந்தது. "ம்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு ம் எனக்குப் போதுமானதாக இருந்தது. என் பேர் கெடாமல் மிஞ்சிவிட்டது என்று நினைத்தேன். கருப்பன் கதவுக்குப் போக வேண்டியதே இல்லை, போனாலும் சும்மா கும்பிட்டுவிட்டு வரலாம்.

கிண்ணத்தைத் துடைத்து, புது உருளையை வைத்து, புது வளையத்தைப் போட்டேன். காற்று எடுக்க பில்டரின் தலையில் இருந்த கைப் பம்பை அமுக்கினால் அது மெத்தென்று போய் மெத்தென்று வந்தது. பம்பின் ரப்பர் செத்துவிட்டது. கிண்ணம் நிறைய எண்ணெய் ஊற்றி மாட்டினால்தான் எஞ்சின் பிடிக்கும். டேங்கிலிருந்து எடுக்க முடியாது, வாயில் வலை பற்றவைத்திருக்கிறது.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். லாரியில் கிண்ணம் காலியாக இருந்தால் கை தானாகப் பாட்டிலைத் தேடும். நான் கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் கைவிட்டு, பாட்டிலை எடுத்து, கிண்ணத்தில் ஊற்றி, மாட்டி, போல்ட்டை முறுக்கி, சாவியைத் திருப்பினேன். நான்கைந்து முறை சுற்றியது. பிடித்துக்கொண்டது. எஞ்சின் சத்தம் எட்டு மாதத்தில் நான் கேட்டிராத அளவுக்குச் சீராக இருந்தது. வளையத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமில்லை.

நிமிர்ந்தபோது முதலாளி பாட்டிலைக் கையில் வைத்திருந்தார். அடியில் கால்வாசி மிச்சம் இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"இது ஏது?"

"சொட்டு எண்ணெய்ண்ணே. பங்குல கொழாயில தொங்குறது. கை கழுவப் பிடிச்சு வைப்போம். லாரியில எல்லாரும் வைப்பாங்க."

"எல்லாரும் வைப்பாங்க." மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தியா. சத்தியம் பண்ண வாரவன் சீட்டுக்கு அடியில டீசல வச்சுக்கிட்டே வந்திருக்கான்."

"அது இல்லேன்னா மத்தியானம் வரைக்கும் இந்த முள்ளுக்காட்டுலதாங்க கெடக்கணும்."

"அது வேற, இது வேற."

"அண்ணே, அந்தத் துணி? ஒழுகுனதப் பாத்தீங்கள்ல?"

"ஒழுகுச்சு. எட்டு மாசமா அதப் பாக்காதது யாரு?"

அவர் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பழைய டிரைவர் விஷயத்தில் தான் செய்தது தவறோ என்ற கேள்வி அவ்வளவு நேரமும் அவரைக் குடைந்திருக்கும். பாட்டில் அவரை அதிலிருந்து காப்பாற்றிவிட்டது. டிரைவர் என்றால் இப்படித்தான் என்று ஆகிவிட்டது அவருக்கு.

அழகர்கோவிலுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வண்டி மூன்றாம் கியரில் அருமையாக இழுத்தது. மலையடிவாரத்தில் நிறுத்தியதும் இருவரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன்.

"நீ எதுக்கு? வண்டியப் பாத்துக்க" என்றார்.

"சத்தியம்ணே."

"இனி எதுக்குச் சத்தியம்? அதான் கையில கெடைச்சிருச்சே."

அன்றைக்குத்தான் எனக்குச் சத்தியம் செய்ய ஆசை வந்தது. அந்தக் கதவு முன்னால் நின்று பாட்டிலைச் சொல்லி, துணியைச் சொல்லி, எனக்கு முன்னால் இருந்தவனையும் சொல்லி, அப்புறம் நடப்பது நடக்கட்டும் என்று நிற்க வேண்டும் போல இருந்தது. அவர்கள் மாலையோடு போனார்கள். நான் வண்டியின் நிழலில் உட்கார்ந்து கையை மண்ணில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். டீசல் இல்லாமல் கிரீஸ் போகவில்லை.

பழங்காநத்தத்துக்கு வந்து சேர்ந்ததும் சாவியை வாங்கிக்கொண்டார். கொட்டகையிலிருந்து என் பையை எடுக்க ஐந்து நிமிடம் ஆனது. சேர்ந்த அன்றைக்கும் அவ்வளவு நேரம்தான் ஆனது.

மதுரையில் யாரும் சாவி தரவில்லை. நான் நினைத்தது சரிதான். இப்போது பரவை மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறேன். போன மாதம் முதலாளியின் மனைவி கொத்தமல்லிக் கட்டு பார்த்துக்கொண்டிருந்தபோது என்னை அடையாளம் கண்டுகொண்டார். இளைச்சுட்டியே என்றார். புது டிரைவர் எப்படி என்று கேட்டேன்.

"நல்ல மனுசன்ப்பா. முள்ளு எறங்கவே மாட்டேங்குதாம். இவரு போற எடமெல்லாம் சொல்றாரு, யோக்கியமான ஆளு கெடைச்சிட்டான்னு."

"சத்தியம் வாங்குனாராக்கா?"

"எதுக்கு? அதான் முள்ளு நிக்குதுல்ல."

கொஞ்ச நேரம் கட்டுகளைப் புரட்டினார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "போர்ட்டிகோவும் இப்ப காஞ்சு கெடக்கு. கோலம் போடுறேன்."

கட்டை எடுத்துக்கொண்டு காருக்கு நடந்தார். புது டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார். கார் கிளம்பிப் போன பிறகு அது நின்ற இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். முட்டைக்கோஸ் இலையும் மண்ணும்தான் கிடந்தன. ஒரு சொட்டு கூட இல்லை.